எம்.ஆர்.ஐ. ஓடும்போது உள்ளே சுற்றுவது எது?

அம்மாவின் இடுப்பு முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்கள். ஏதோ பெரிதாகச் சுற்றி இடிப்பதைப் போல் இருபது நிமிடம் சத்தம் வந்ததே தவிர, வெளியே எதுவும் அசையவில்லை என்கிறீர்கள். உள்ளே சுற்றுவது எது, ஒரு படம் எடுக்க ஏன் இவ்வளவு நேரம், இருமக்கூடாது என்கிற அளவுக்கு ஏன் கண்டிப்பு, இதில் கதிர்வீச்சு உண்டா, தாலியைக்கூட ஏன் கழற்றச் சொன்னார்கள் என்பவை உங்கள் கேள்விகள். பல ஆண்டுகளாக அந்தச் சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இயந்திரத்தின் வளையத்துக்குள் நோயாளியைச் சுற்றி ஓடும் பாகம் எதுவும் இல்லை. எக்ஸ்ரே குழாய் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடுவது சி.டி. ஸ்கேனில், இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி வளையமாக இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். எம்.ஆர்.ஐ.யின் சத்தத்துக்கும், நேரத்துக்கும், அசையக்கூடாது என்ற கண்டிப்புக்கும் காரணம் ஒன்றே. உடலிலுள்ள தண்ணீரிடமிருந்து ஒரு சிக்னலைப் பெறுவது நொடியில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும். அந்த சிக்னலில் எந்தப் பகுதி உடலின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பிரித்தறியத்தான் மற்ற நேரம் முழுவதும் செலவாகிறது.

முதலில் சிக்னல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். அந்த வெள்ளை வளையத்துக்குள் இருப்பது ஒரு பெருங்காந்தம். பெரும்பாலான மருத்துவமனைகளில் அதன் வலிமை 1.5 டெஸ்லா, சில இடங்களில் 3 டெஸ்லா. திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலம் நம் ஊர்ப் பக்கம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லாதான். ஆகவே அம்மா படுத்திருந்த இடத்தில் அதைப் போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேலான புலம் இருந்தது. நையோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பியைப் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சுருளாகச் சுற்றி, திரவ ஹீலியத்தின் உதவியால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பியின் மின்தடை அறவே இல்லாமல் போவதால், ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இரவு பூட்டிவிட்டுப் போனாலும், மின்வெட்டு வந்தாலும், அந்த அறையில் காந்தம் காந்தமாகவே இருக்கும். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் சீரான இடைவெளியில் குருவி கத்துவது போல் ஒரு சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கலாம். ஹீலியம் கொதித்து ஆவியாகிவிடாமல் குளிர்விக்கும் கோல்டு ஹெட் என்ற பாகத்தின் சத்தம் அது.

அம்மாவின் உடல் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. ஹைட்ரஜனின் அணுக்கரு என்பது ஒற்றைப் புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு மிகச் சிறிய காந்தம். பெரிய காந்தத்துக்குள் போனதும் இவையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் வரிசையில் நிமிர்ந்து நிற்கும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அது மிகை. உடலின் வெப்பம் அவற்றை ஓயாமல் கலைத்துக்கொண்டே இருப்பதால், 1.5 டெஸ்லாவில் புலத்தின் திசையில் சாய்ந்தவை எதிர்த்திசையில் சாய்ந்தவற்றைவிடப் பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற கணக்கில்தான் கூடுதலாக இருக்கும். மற்றவை ஒன்றையொன்று ஈடுசெய்து காணாமல் போய்விடுகின்றன. இவ்வளவு சொற்பமான மிச்சத்தை வைத்து எப்படிப் படம் எடுக்க முடிகிறது என்றால், எண்ணிக்கை கைகொடுக்கிறது: ஒரு கன மில்லிமீட்டர் தண்ணீரில் மட்டும் ஆறரை லட்சம் கோடி கோடிக்கு மேல் புரோட்டான்கள் உள்ளன, பத்து லட்சத்துக்கு ஐந்து என்று பார்த்தாலும் மூன்று கோடி கோடிக்கு மேல் தேறும்.

தரையில் சுழலும் பம்பரம் வேகம் குறையும்போது தலையை ஆட்டிக்கொண்டே வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். புரோட்டான்களின் கூட்டுக் காந்தமும், புலத்தின் திசையிலிருந்து சற்றே சாய்த்துவிட்டால், அதே போல் புலத்தைச் சுற்றித் தலையாட்டும். அந்த ஆட்டத்தின் வேகம் புலத்தின் வலிமையைப் பொறுத்தது: 1 டெஸ்லாவுக்கு நொடிக்கு 4 கோடியே 25 லட்சத்து 80 ஆயிரம் முறை, அதாவது 42.58 மெகாஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லாவில் அது 63.87 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை; எனவே 1.5 டெஸ்லா இயந்திரம் எஃப்.எம்.முக்குச் சற்றுக் கீழே வேலை செய்கிறது, 3 டெஸ்லா இயந்திரம் அதற்குச் சற்று மேலே. வெளியிலிருந்து வரும் வானொலி அலைகள் உள்ளே புகுந்து கெடுக்காதிருக்க அறை முழுவதும் செம்புத் தகடு போன்ற உலோகத்தால் பொதியப்பட்டிருக்கிறது. அந்தக் கதவு அவ்வளவு கனமாக இருப்பதும், கதவின் ஓரம் முழுவதும் செம்பு நிறத்தில் மெல்லிய பட்டைகள் வரிசையாக இருப்பதும் அதற்காகத்தான். ஸ்கேனின்போது கதவு சரியாகச் சாத்தப்படாவிட்டால், படத்தின் குறுக்கே புள்ளிக்கோடு போட்டதைப் போல் ஒரு கறை விழும். அதைப் பார்த்தவுடன் நாங்கள் கதவைத்தான் பார்ப்போம்.

புரோட்டான்களைச் சாய்ப்பதற்கு, அதே 63.87 மெகாஹெர்ட்ஸில் ஒரு ரேடியோ துடிப்பைச் சில மில்லிநொடிகளுக்குச் செலுத்துகிறோம். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தொடர்ந்து தள்ளினால் சிறு விசைக்கும் அது உயரப் போகிறதல்லவா, அதைப் போல் தலையாட்டும் வேகத்தோடு ஒத்துப்போகும் அலை மட்டுமே அவற்றைச் சாய்க்க முடியும். எம்.ஆர்.ஐ.யைத் தமிழில் காந்த ஒத்ததிர்வுப் படம் என்கிறோமே, அதில் வரும் ஒத்ததிர்வு என்ற சொல்லின் பொருள் அதுவே. துடிப்பை நிறுத்தியதும், சாய்ந்த கூட்டுக் காந்தம் தானே சுழன்றுகொண்டிருக்கும். சைக்கிள் டைனமோவில் சுழலும் காந்தம் பக்கத்திலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுவதைப் போல, இந்தச் சுழற்சியும் அம்மாவின் முதுகுக்குக் கீழே மேசைக்குள் புதைந்திருக்கும் காயில் என்ற கம்பிச் சுருளில் மிக மெல்லிய மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. நாங்கள் சிக்னல் என்று சொல்வது அதைத்தான். உள்ளே சுற்றுவது எது என்று கேட்டீர்களே, நொடிக்கு ஆறு கோடியே முப்பத்தெட்டு லட்சம் முறை சுற்றியது அம்மாவின் உடலிலுள்ள தண்ணீரின் காந்தம். அந்தச் சுழற்சிக்குச் சத்தம் கிடையாது.

இதுவரை சொன்னதை வைத்து ஒரு படமும் எடுக்க முடியாது. இடுப்பிலுள்ள தண்ணீர் முழுவதும் ஒரே சுருதியில் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. காயிலுக்குக் கேட்பது மொத்த இரைச்சல்தான். கேமராவைப் போல லென்ஸ் வைத்துக் குவிக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை: 63.87 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் ஏறத்தாழ 4.7 மீட்டர், அதாவது ஆளைவிடப் பெரியது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளை அந்த அலையைக் கொண்டு குவித்துப் பார்க்க இயலாது. ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவரின் குழுக்களும் 1946ஆம் ஆண்டே இந்த சிக்னலைக் கண்டறிந்து, 1952இல் இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது வேதியியலாளர்கள் சோதனைக் குழாய்க்குள் வைத்துப் பார்க்கும் கருவியாகவே இருந்ததற்கு, இடம் தெரியாத இந்தச் சிக்கலும் ஒரு பெரிய காரணம்.

அதை உடைத்தவர் பால் லாட்டர்பர். எல்லோரும் காந்தப்புலத்தை எவ்வளவு சீராக வைப்பது என்று பாடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர் வேண்டுமென்றே அதைச் சாய்த்தார்: ஒரு முனையில் சற்றுக் கூடுதல், மறு முனையில் சற்றுக் குறைவு. தலையாட்டும் வேகம் புலத்தைப் பொறுத்தது என்பதால், இடத்துக்கு இடம் சுருதி மாறிவிடும். சுருதியைக் கேட்டு இடத்தைச் சொல்லிவிடலாம். மெல்லிய இரண்டு தண்ணீர்க் குழாய்களை இப்படிப் படம் பிடித்து அவர் எழுதிய கட்டுரையை நேச்சர் இதழ் முதலில் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு 1973இல் வெளியிட்டது. 2003இல் அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. நோயுற்ற திசுவின் சிக்னல் வேறுபடுவதை 1971இலேயே காட்டி, 1977 ஜூலை 3 அன்று ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செலவிட்டு ஓர் ஆளின் மார்பைப் படம் பிடித்த ரேமண்ட் டமாடியன், தம்மை விட்டுவிட்டார்கள் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆனால் இன்று நாம் பயன்படுத்தும் முறை, புலத்தைச் சாய்க்கும் முறைதான்.

ஜலதரங்கம் கேட்டிருந்தால் இது எளிதில் புரியும். கிண்ணத்துக்குக் கிண்ணம் தண்ணீரின் அளவு மாறுவதால் சுருதி மாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்தக் கிண்ணம் தட்டப்பட்டது என்று பழகிய காது சொல்லிவிடும். எம்.ஆர்.ஐ. வளையத்தில் பெருங்காந்தத்துக்கு உள்பக்கமாக, கிரேடியன்ட் காயில் என்ற மூன்று தொகுதிச் சுருள்கள் இருக்கின்றன: இடம்–வலம் சாய்க்க ஒன்று, முன்–பின் சாய்க்க ஒன்று, தலை–கால் சாய்க்க ஒன்று. அம்மாவின் முதுகெலும்பைப் பக்கவாட்டில் வெட்டிய வெட்டுகளாகப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இடம்–வலம் சாய்வைப் போடுகிறோம். மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா என்ற சாய்வில், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் சுருதி ஏறத்தாழ 426 ஹெர்ட்ஸ் மாறும். அப்போது சுமார் 1,700 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ரேடியோ துடிப்பை அனுப்பினால், அந்தச் சுருதிக்குள் அடங்கும் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு வெட்டு மட்டும் சாய்ந்து ஒலிக்கும். இரண்டு பக்கமும் உள்ள தண்ணீர் தனக்கு ஒன்றும் ஆகாதது போல் இருந்துவிடும். ஒரு திசை தீர்ந்தது.

அந்த வெட்டுக்குள், சிக்னலைக் கேட்கும் நேரத்தில் முன்–பின் சாய்வைப் போட்டுக்கொண்டே கேட்கிறோம். வயிற்றுப் பக்கம் ஒரு சுருதி, முதுகுப் பக்கம் வேறொரு சுருதி. கலந்து வரும் ஒலியை ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கின் மூலம் தனித்தனிச் சுருதிகளாகப் பிரித்துவிடலாம். இரண்டாவது திசையும் தீர்ந்தது.

மூன்றாவது திசையில்தான் நேரம் போகிறது. தலை–கால் திசைக்கும் இதே தந்திரத்தைச் சேர்த்துப் பயன்படுத்தினால், ஒரே சுருதி பல இடங்களுக்குப் பொதுவாகிக் குழம்பிவிடும். ஆகவே கேட்பதற்கு முன்பு, ஒரு கணம் மட்டும் தலை–கால் சாய்வைப் போட்டு எடுத்துவிடுகிறோம். அந்த ஒரு கணத்தில் தலைப் பக்கத்துப் புரோட்டான்கள் சற்று வேகமாகவும் கால் பக்கத்தவை சற்று மெதுவாகவும் சுற்றியிருக்கும். சாய்வு போனதும் எல்லாம் பழைய வேகத்துக்கே வந்துவிட்டாலும், ஒன்றுக்கொன்று முன்பின்னாகத் தள்ளிப்போனது தள்ளிப்போனதுதான்; சுருதி ஒன்று, தாளத்தில் எடுப்பு மட்டும் வேறு என்பதைப் போல. ஒருமுறை கேட்டால் இதிலிருந்து இடத்தைப் பிரிக்க முடியாது. அந்தச் சாய்வின் அளவைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் மறுபடி சாய்த்து, மறுபடி கேட்க வேண்டும். 256 வரிகள் கொண்ட படத்துக்கு இப்படி 256 தடவை. முறைக்கு முறை எந்த இடம் எவ்வளவு முன்பின் போனது என்ற கணக்கிலிருந்து அந்த இடம் தெரியவருகிறது.

இப்போது சத்தத்துக்கு வருவோம். இந்தச் சாய்வுகளைப் போடுவது என்றால் கிரேடியன்ட் காயிலில் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் ஏற்றி இறக்குவது. மின்னோட்டம் ஓடும் கம்பி காந்தப்புலத்தில் இருந்தால் அதன்மீது விசை விழும்: 300 ஆம்பியர் ஓடும் ஒரு மீட்டர் கம்பி 1.5 டெஸ்லா புலத்துக்குக் குறுக்காக இருந்தால், ஏறத்தாழ 45 கிலோ எடையைத் தூக்கி வைத்த அளவுக்கு விசை. மின்னோட்டம் திசை மாறும்தோறும் விசையும் திசை மாறுவதால், பிசினில் இறுக்கி வார்க்கப்பட்ட அந்தச் சுருள் உருளை முழுவதும் அதிர்கிறது. வீட்டிலுள்ள ஒலிபெருக்கி வேலை செய்வதும் இதே விதியால்தான். இங்கே அந்த ஒலிபெருக்கிக்குள்ளேயே ஆளைப் படுக்க வைத்திருக்கிறோம். சில வகை ஸ்கேன்களில் ஒலி 110 டெசிபலைத் தாண்டுவதால்தான் காதில் பஞ்சுபோன்ற அடைப்பானையும் அதற்கு மேல் ஹெட்போனையும் கட்டாயம் போடுகிறோம். அம்மா கேட்ட ‘டக் டக் டக்’கும், நடுநடுவே வந்த நீண்ட ரீங்காரமும், சாய்வுகள் போட்டு எடுக்கப்பட்ட வரிசையின் தாளமே. பழகியவர்கள் சன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டே எந்த வகைப் படம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

நேரத்துக்கும் இதுவே கணக்கு. தண்ணீரை வெளுப்பாகக் காட்டும் டி2 வகைப் படத்தில், ஒருமுறை சாய்த்தபின் அடுத்த முறை சாய்ப்பதற்கு முன் மூன்றரை நொடி போலக் காத்திருக்கிறோம். வரிக்கு ஒருமுறை என்று எடுத்தால் 256 வரிகளுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். காத்திருக்கும் இடைவெளியில் மற்ற வெட்டுகளையும் மாற்றி மாற்றிச் சாய்த்துக் கேட்டுவிடுவதால் எல்லா வெட்டுகளும் அந்த நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது ஓர் ஆறுதல். அதோடு, ஒரு சாய்ப்புக்குப் பின் அணையும் சிக்னலை மீண்டும் மீண்டும் எதிரொலிக்க வைத்து, ஒரே மூச்சில் 16 வரிகளைச் சேகரிக்கும் வேக முறை இருக்கிறது. அப்போது 15 நிமிடம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். சிக்னல் மெல்லியது என்பதால் அதையே இரண்டு மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்க்கிறோம். இப்படி ஒரு படவரிசைக்கு மூன்று, நான்கு நிமிடம். இடுப்பு முதுகெலும்புக்கு நான்கைந்து வரிசைகள். உங்கள் இருபது நிமிடம் வந்துவிட்டதா?

இருமினால் ஏன் படம் கெடுகிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. படம் மேலிருந்து கீழாகச் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போல வரிவரியாக நிரம்புவதாக இருந்தால், இருமிய நேரத்தில் எடுத்த வரி மட்டும் கெட்டு மற்றவை பிழைத்திருக்கும். நடப்பது வேறு. சேகரிக்கும் ஒவ்வொரு வரியிலும் முழு வெட்டின் சிக்னலும் கலந்திருக்கிறது. எல்லா வரிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே படம் பிறக்கிறது. ஆகவே நான்கு நிமிடத்தில் இரண்டு நொடி உடல் நகர்ந்தாலும், அந்தப் பிழை படம் முழுவதும் பரவி, விளிம்புகள் நிழல் நிழலாகப் பலமுறை தோன்றும். அந்த நிழல்கள் பெரும்பாலும் சுற்றுக்குச் சுற்றுச் சாய்வை மாற்றும் அந்த மூன்றாவது திசையில்தான் விழும். வயிற்றின் மூச்சசைவும் குடலின் அசைவும் முதுகெலும்பின்மீது வந்து விழாதிருக்க அந்தத் திசையைத் தலை–காலாக வைத்துக்கொள்வதும், வயிற்றுப் பகுதியின் சிக்னலை முன்கூட்டியே ஒரு பட்டையாக அணைத்துவிடுவதும் இடுப்பு ஸ்கேனில் எங்கள் அன்றாட வேலை. அம்மா சாதாரணமாக மூச்சு விட்டதால் பாதகமில்லை. கால் மரத்துப்போய் இடுப்பை ஒருமுறை அசைத்திருந்தால் அந்த வரிசையை மறுபடி எடுத்திருப்போம்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போலிருக்கும் டிஸ்க்கையும் எலும்பையும் நரம்பையும் வேறுபடுத்திக் காட்டுவது எது? தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, அது எப்படிப்பட்ட சூழலில் இருக்கிறது என்பதே முக்கியம். சாய்த்துவிட்ட புரோட்டான்கள் ஒன்றாகச் சுற்றத் தொடங்கினாலும் மெல்ல மெல்லத் தாளம் தப்பி, சிக்னல் அணைகிறது. இதற்கான காலத்தை டி2 என்கிறோம். முதுகுத்தண்டைச் சூழ்ந்த திரவத்தில் அது இரண்டு நொடி வரை நீளும். அடர்த்தியான திசுக்களில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். சாய்த்த உடனே கேட்காமல் 100 மில்லிநொடி பொறுத்துக் கேட்டால், திசுக்கள் அடங்கியிருக்கும், திரவம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்தில் திரவம் வெண்ணிறத் தூணாகவும், அதனுள்ளே இறங்கும் நரம்பு வேர்கள் குதிரைவால் முடியைப் போன்ற கருமையான இழைகளாகவும் தெரியும். நல்ல நிலையிலுள்ள டிஸ்க்கின் நடுப்பகுதியில் தண்ணீர் அதிகம் என்பதால் அது வெளுத்திருக்கும். தேய்ந்து வற்றிய டிஸ்க் கறுத்துவிடும். அறிக்கையில் டிஸ்க் வற்றியிருப்பதாக எழுதியிருந்தால், இந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்; நடுத்தர வயதைத் தாண்டியவர்களில், முதுகுவலியே இல்லாதவர்களிடமும் இந்தக் கறுப்பு மிகச் சாதாரணம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு கடிகாரம் டி1: சாய்ந்தவை மீண்டும் புலத்தின் திசைக்கு நிமிர எடுக்கும் காலம். கொழுப்புக்கு அது நொடியில் கால் பங்கு போல; முதுகுத்தண்டுத் திரவத்துக்கு ஏறத்தாழ நான்கு நொடி. அரை நொடிக்கு ஒருமுறை அடுத்தடுத்துச் சாய்த்தால், கொழுப்பு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முழுதாக எழுந்து நிற்கும், திரவத்துக்கு எழ அவகாசமே கிடைக்காது; எனவே டி1 படத்தில் எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு வெளுத்தும் திரவம் கறுத்தும் வருகிறது. மூன்றாவதாக ஒரு வரிசை ஓடியிருக்கும், ஸ்டிர் என்று பெயர். முதலில் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிவிட்டு, திரும்பி வரும் வழியில் கொழுப்பு சரியாகப் பூஜ்ஜியத்தைக் கடக்கும் தருணத்தில், சுமார் 150 முதல் 170 மில்லிநொடிக்குள், படத்தை எடுக்கிறோம். கொழுப்பு முழுவதும் மறைந்துபோக, எலும்புக்குள் நீர் கோத்த இடம் மட்டும் இருட்டில் விளக்கு வைத்ததைப் போல் தெரியும். சிறு எலும்பு முறிவும், கிருமித் தொற்றும், கட்டியின் தொடக்கமும் இதில் சிக்கும். எனக்கு இந்த இயந்திரத்தில் பிடித்த தந்திரம் இதுதான்.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டீர்கள். எக்ஸ்ரே இதில் கிடையாது. ரேடியோ அலையும் ஒரு வகைக் கதிர்வீச்சே என்றாலும், அதன் ஒரு துணுக்கின் ஆற்றல் சாதாரண எக்ஸ்ரே துணுக்கின் ஆற்றலில் இருபதாயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு அதற்கு இல்லை. அது செய்யக்கூடியது சூடாக்குவது. எடையைக் கேட்டு இயந்திரத்தில் பதிந்தார்களே, அது இதற்காகத்தான்: சாதாரண நிலையில் உடலின் ஒரு கிலோவுக்கு 2 வாட்டுக்கு மேல் ஏறாதபடி இயந்திரம் தானே கணக்குப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். லேசாக வியர்ப்பது இயல்பு. கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டாம், வெறும் தொடைகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டாம் என்று துணியைச் செருகி வைப்பதற்கும் காரணம் உண்டு: தோல் தோலைத் தொட்டால் உடலே ஒரு மூடிய வளையமாகி, தொடும் புள்ளியில் மின்னோட்டம் குவிந்து சுட்டுவிடக்கூடும்.

தாலி விஷயம் இதைவிடச் சுவையானது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சூடாகலாம், பக்கத்தில் படத்தையும் கெடுக்கும். உண்மையான ஆபத்து தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்குகளில் இருக்கிறது. அவசரத்துக்கு உதவும் என்று நம் வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள், அவை எஃகு. கழற்ற மனமில்லாமல் புடவைக்குள் செருகி மறைத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டியின் ஊக்கு, மேசை வளையத்தை நெருங்கியபோது கொடியோடு சேர்ந்து முந்தானைக்கு வெளியே எழுந்து, குழாயைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மேசையை உடனே பின்னுக்கு இழுத்துவிட்டோம். அரைஞாணில் கட்டிய தாயத்துத் தகடு, கொண்டை ஊசி, சரிகை நெய்த ரவிக்கை ஆகியவற்றைப் பற்றியும் அதனால்தான் ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். இதயத்தில் பேஸ்மேக்கரோ, மூளை ரத்தக்குழாயில் கிளிப்போ, காதுக்குள் கேட்க உதவும் காக்ளியர் கருவியோ இருந்தால் அதன் மாதிரி விவரம் தெரியாமல் உள்ளே விடவே மாட்டோம்.

ஊக்கு என்பதால் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டராக இருந்திருந்தால் சிரிக்க முடியாது. 2001இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேனில் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவனும், 2018 ஜனவரியில் மும்பையில் உறவினருக்குத் துணையாகச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போன இளைஞர் ஒருவரும் இப்படித்தான் இறந்தார்கள். ஸ்கேன் ஓடவில்லையே, காந்தம் இருக்காது என்ற நினைப்பே இப்படிப்பட்ட விபத்துகளுக்கு வழி விடுகிறது. சுவரில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் மீக்கடத்தி, அதாவது குளிரில் மின்தடையை இழந்த அந்தக் கம்பிச் சுருள், சூடாகி, ஹீலியம் கொதித்து எழுநூறு மடங்குக்கு மேல் விரிந்து கூரைக் குழாய் வழியாகப் பீறிட்டு வெளியேறும். காந்தம் அடங்க அதற்கும் ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். காந்தத்தை மறுபடி உயிர்ப்பிக்க நாட்களும் லட்சக்கணக்கில் பணமும் ஆகும் என்பதால், ஆள் மாட்டிக்கொண்டால் தவிர அதைத் தொடுவதில்லை.

அம்மாவின் உடலில் ஏதாவது தங்கிவிடுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். படத்தில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்தை முதுகெலும்புக்குப் பெரும்பாலும் ஊசியாகப் போடுவதில்லை, உங்கள் அம்மாவுக்கும் போடவில்லை என்கிறீர்கள். ஆகவே வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. பத்து லட்சத்துக்கு ஐந்து என்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தனவே, அந்தச் சாய்வு புலத்தை விட்டு வெளியே வந்ததும் அதே டி1 கணக்கில் கலைந்துவிடும். மேசை வெளியே வந்து, உதவியாளர் கைகொடுத்து அம்மாவை எழுப்பி உட்காரவைத்து, காதிலிருந்து அடைப்பானை எடுப்பதற்குள் அது முடிந்துபோயிருக்கும்.